பட்ஜெட்ல ஜூம் லென்ஸ்: கம்பெனி லென்ஸா, தேர்ட் பார்ட்டியா? சேலத்துல என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் கடைக்காரன் இல்லீங்க, ஸ்டூடியோவும் கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆனா ஏற்காடு, ஆடி மாசம் ஆனா குகைங்கற ஏரியாத் திருவிழா, நடுவுல சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், அவ்வளவுதான் நம்ம போட்டோகிராபி. ஆனா கழுத்துல கேமரா தொங்கறதப் பாத்தாலே யாராச்சும் லென்ஸ் பத்திக் கேக்கறாங்க, எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போயிதான் இத டைப் பண்றேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டிருக்கேன்.

அண்ணா, தேர்ட் பார்ட்டின்னா டூப்ளிகேட்டா?

இல்ல தம்பி. போன் சார்ஜர் மாதிரி நினைச்சுக்கிட்டு நிறையப் பேர் பயப்படறாங்க. கேனான் பாடிக்கு (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு) கேனானே பண்ற லென்ஸ் கம்பெனி லென்ஸ், அதே பாடில மாட்டற மாதிரி வேற கம்பெனி பண்ணா தேர்ட் பார்ட்டி, விஷயம் அவ்வளவுதான். டாம்ரான், டோக்கினா ரெண்டும் 1950ல ஆரம்பிச்ச ஜப்பான் கம்பெனிங்க, சிக்மா 1961, அவங்க ஃபேக்டரி இன்னைக்கும் ஃபுகுஷிமா பக்கம் ஐஸுங்கற ஊர்லதான் இருக்கு. கண்ணாடி தேய்க்கறதத் தவிர வேற பொழப்பே இல்லாதவங்கன்னு வெச்சுக்கங்களேன். நிக்கான் இசட் பாடிக்கு நிக்கான் பேரப் போட்டு வந்த 28-75 எஃப் 2.8 (28-75ங்கறது ஜூம் எத்தனை எம்எம்லருந்து எத்தனை வரைக்கும்னு, எஃப் நம்பர் லென்ஸ் எவ்வளவு அகலமாத் தொறக்கும்னு, நம்பர் சின்னதானா வெளிச்சம் ஜாஸ்தி) இருக்கே, அத டாம்ரானோட முதல் 28-75 பக்கத்துல வெச்சு உள்ள கண்ணாடி அடுக்கு படத்தப் பாருங்க, அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டூப்ளிகேட்ங்கற பேச்ச அதோட விட்ருங்க.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எத வாங்கட்டும்?

மெதுவான ஜூம் வேணும்னா, அதாவது 18-55, 55-250, 70-300 மாதிரி எஃப் நம்பர் 3.5, 4லருந்து 5.6, 6.3ன்னு மாறிட்டே போறதெல்லாம், கம்பெனி லென்ஸே வாங்குங்க. ஜூம் முழுக்க எஃப் 2.8 வேணும்னா தேர்ட் பார்ட்டி வாங்குங்க. நூத்துல தொண்ணூறு பேருக்கு என் பதில் இதுதான், கீழ இருக்கறதெல்லாம் இதுக்கு விளக்கம்.

ஏன் இப்படின்னா, கிட் ஜூம் பாடியோட சேத்து மூட்ட மூட்டையா விக்கற சரக்கு. பாடி வாங்கினவன் மொத நாளே மாட்டிப் பாக்கற லென்ஸ் அதுதான், அது சொதப்பினா பாடியோட பேரும் சேந்து கெடும், அதனால கம்பெனிக்காரன் அதுல கை ஆட்டத்தச் சமாளிக்கற ஸ்டெபிலைசர், சத்தமில்லாத மோட்டார் எல்லாம் குடுத்து கம்மி விலைக்கே தள்ளிவிடறான். எஃப் 2.8 ஜூம் மட்டும் தொழில்காரங்களுக்குன்னு வெச்சு விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி ஏத்திடறான். தேர்ட் பார்ட்டில இது அப்படியே தலைகீழ், அவங்க பழைய மலிவு 70-300ல எல்லாம் எங்க எங்க குறைக்க முடியுமோ அங்கெல்லாம் கைய வெச்சிருப்பாங்க, எஃப் 2.8ல மட்டும் கம்பெனிக்காரனோட மோதணும்னு மொத்த வித்தையும் எறக்கிடுவாங்க. சோனில 24-70 ஜிஎம் (அவங்க உசந்த வரிசை) ரெண்டாவது வெர்ஷன் ரெண்டு லட்சத்த ஒட்டி நிக்குது, சிக்மா 24-70 அதுல பாதிகிட்டதான் வருது. படம் பாதியா இருக்குமான்னு கேட்டா, நான் ரெண்டையும் மாட்டிப் பாத்தவன், பேர மறைச்சுக் காட்டினா எது எதுன்னு எனக்கே சொல்லத் தெரியாது.

கிட் லென்ஸ் 18-55 குப்பைன்னு சொல்றாங்களே?

சொல்றவங்க எத்தனை பேர் அத எஃப் 8ல வெச்சு எடுத்துப் பாத்தாங்கன்னு கேளுங்க. ஏற்காட்டு பகோடா பாயிண்ட்ல நின்னு காலைல எட்டு மணிக்கு மேல வெயில் வந்தப்புறம் எஃப் 8ல எடுத்தா கிட் லென்ஸுக்கும் பெரிய லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்த லென்ஸ் வித்தவன்தான் கண்டுபிடிக்கணும்.

இன்னொன்னு இங்க சொல்லியே ஆகணும். ஏற்காட்ல பனிமூட்டத்துல எடுத்துட்டு "அண்ணா போட்டோ வெளுத்துப்போயிருக்கு, லென்ஸ மாத்தணுமா"ன்னு கேட்டு மாசம் ஒருத்தராவது வருவாங்க. அது லென்ஸ் இல்லப்பா, மேகம். நீ மேகத்துக்குள்ள நின்னு எடுத்திருக்க. தண்ணித்துளி நடுவுல நின்னு வெளிச்சத்தச் சிதறடிக்கும்போது லட்ச ரூபா கண்ணாடி மாட்டினாலும் அப்படித்தான் வரும், கொஞ்சம் எக்ஸ்போஷர ஏத்தி வெச்சு, கிட்டத்துல இருக்கற ஒரு சில்வர் ஓக் மரத்தையோ ரோட்டோர வேலியையோ பிடிச்சுக்க, படம் நிக்கும்.

எஃப் 2.8ல அப்படி என்னதான் இருக்கு? ஸ்டெபிலைசர் இருந்தா போதாதா?

இதுக்கு வண்டி வேடிக்கைய வெச்சு சொன்னாத்தான் புரியும். வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வரி: ஆடித் திருவிழால குகை மாரியம்மன் கோயில் பக்கம் ராத்திரில சாமி வேஷம் போட்டவங்க அலங்கார வண்டில ஏறி வருவாங்க, கலர் கலரா லைட்டு, மேளம், சுத்தி ஊரே நிக்கும். பாக்க அவ்வளவு வெளிச்சமா தெரியும், கேமராவுக்கு மட்டும் அது இருட்டு.

கிட் லென்ஸ 55க்கு ஜூம் பண்ணா எஃப் 5.6, அதுக்கு மேல தொறக்காது. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற செட்டிங்) 3200 வெச்சா ஷட்டர் 1/50 நொடிகிட்ட வந்து நிக்குதுன்னு வெச்சுக்கங்க. ஸ்டெபிலைசர் உங்க கை ஆட்டத்தப் பிடிச்சுக்கும், வண்டி நகர்றதையும் அதுமேல நிக்கறவர் சூலத்த ஆட்டறதையும் அது எப்படிங்க பிடிக்கும்? பின்னாடி இருக்கற கட்டடம் ஷார்ப்பா வரும், சாமி மட்டும் கலங்கிப்போயிருக்கும். அதே எடத்துல எஃப் 2.8 போட்டா நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வரும், 1/50 இருந்தது 1/200 ஆயிடும், வேஷத்துல வெச்ச மை வரைக்கும் நிக்கும். ஷட்டர் அதே போதும்னா ஐஎஸ்ஓ 3200லருந்து 800க்கு இறங்கிடலாம், புள்ளிப்புள்ளியா வர்றது போயிடும். நான் மூணு வருஷம் கிட் லென்ஸோட போயி மூணு வருஷமும் ஃப்ளாஷ் போட்டு மொகமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி எடுத்துட்டு வந்தவன், நாலாவது வருஷம் ஒரு தெரிஞ்ச அண்ணன்கிட்ட 17-50 எஃப் 2.8 ஓசி வாங்கிட்டுப் போனேன், அன்னைக்குத்தான் இந்தக் கணக்கு மண்டைல ஏறுச்சு. சாப்பாட்டக்கூட மறந்துட்டு எடுத்தேன், ராத்திரி ஒரு மணிக்கு தட்டுவடை செட் தேடி அலைஞ்சது தனிக்கதை.

பகல்லயே எடுக்கறவங்களுக்கு, லேண்ட்ஸ்கேப் மட்டும் எடுக்கறவங்களுக்கு எஃப் 2.8 வெறும் சுமைங்க. சிக்மா 17-50 565 கிராம், கேனான் கிட் லென்ஸ் 200 கிராம் சொச்சம். சேர்வராயன் கோயில் வரைக்கும் கழுத்துல போட்டுட்டு நடந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

சரி எஃப் 2.8 தான் வேணும், எந்த பாடிக்கு எது?

கேனான், நிக்கான் பழைய கிராப் (சின்ன சென்சார்) டிஎஸ்எல்ஆர் (உள்ள மிரர் வெச்ச பழைய ரக கேமரா) வெச்சிருந்தா சிக்மா 17-50 ஓஎஸ் (ஓஎஸ்னா ஸ்டெபிலைசர்), இல்லன்னா டாம்ரான் 17-50. டாம்ரான்ல ஸ்டெபிலைசர் இருக்கறது ஒன்னு, இல்லாதது ஒன்னு, ரெண்டு வெர்ஷன். இல்லாததுதான் ஷார்ப்புன்னு பழைய ஆளுங்க சத்தியம் பண்ணுவாங்க, என் கைக்கு வந்த ரெண்டுலயும் எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. கேனானோட சொந்த 17-55 எஃப் 2.8 நல்ல லென்ஸ்தான், செகண்ட் ஹேண்ட்ல விலை எறங்கி வந்தா விடாதீங்க, புதுசுக்கு ஆசப்படாதீங்க.

சோனி கிராப்னா ரெண்டு சாய்ஸ். சிக்மா 18-50, 285 கிராம்தான், பாக்கெட்ல போடலாம்னு சொல்ற அளவுக்குச் சின்னது, ஆனா ஸ்டெபிலைசர் கிடையாது. ஏ6000, ஏ6100, ஏ6300, ஏ6400 இதுல எதுலயும் பாடிக்குள்ளயும் ஸ்டெபிலைசர் கிடையாது, அதனால வீடியோ எடுக்கறவங்க கை நடுக்கத்தப் பாத்துக்கணும். டாம்ரான் 17-70ல ஸ்டெபிலைசர் இருக்கு, எடை 525 கிராம். போட்டோ மட்டும்னா சிக்மா, வீடியோவும் சேத்துன்னா டாம்ரான், நான் அப்படித்தான் சொல்றது. சோனியோட 16-55 எஃப் 2.8 விலையையும் பாத்துட்டு வாங்க, அதுலயும் ஸ்டெபிலைசர் கிடையாதுங்கறதையும் கவனிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம். ஃபூஜி வெச்சிருக்கவங்களுக்கும் இந்த சிக்மா, டாம்ரான் ரெண்டுமே வருது.

ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) சோனில டாம்ரான் 28-75 ஜி2 (ரெண்டாவது வெர்ஷன்), சிக்மா 24-70, இன்னும் லேசா வேணும்னா 470 கிராம்ல சிக்மா 28-70. இங்க 24க்கும் 28க்கும் நாலு எம்எம்தானேன்னு நினைக்காதீங்க. மண்டபத்து மேடைல பிரச்சனை இல்ல, வீட்டுக்குள்ள நலங்கு, சீர் வரிசை, பத்துக்குப் பத்து ரூம்ல இருபது பேர் நிக்கற எடத்துல செவுத்துல முதுகு முட்டி நிக்கும்போதுதான் அந்த நாலு எம்எம் எங்கன்னு தேடுவீங்க. டெலில, அதாவது தூரத்த இழுத்துக் காட்டற லென்ஸ்ல, டாம்ரான் 70-180 எஃப் 2.8, 810 கிராம். சோனியோட முதல் 70-200 ஜிஎம் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. முகூர்த்தம் விடியக்காலைல ஆரம்பிச்சு பந்தி முடியற வரைக்கும் தூக்கிட்டு நிக்கறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

70-300 தேர்ட் பார்ட்டி கம்மி விலைல கெடைக்குது, எடுக்கட்டுமா?

வேண்டாம். இதுல நான் நல்லாவே பட்டிருக்கேன்.

கேமரா வாங்கின புதுசுல, கையிருப்பு கம்மி, ஒரு கடைல செகண்ட் ஹேண்ட் தேர்ட் பார்ட்டி 70-300 காட்டினாங்க, மேல "மேக்ரோ"ன்னு (கிட்டத்துல வெச்சுப் பெருசா எடுக்கலாம்னு அர்த்தம்) வேற எழுதியிருந்துச்சு, ஆகா ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு தூக்கிட்டு வந்துட்டேன். ஸ்டெபிலைசர் கிடையாது. 300ல கிராப் பாடில கை ஆடாம எடுக்கணும்னா ஷட்டர் 1/500கிட்ட இருக்கணும், காப்பித் தோட்டத்து நெழல்ல 1/500 எங்கேருந்து வரும்? மோட்டார் வேற மாவு மில்லு மாதிரி கர்ருனு ஓடும், முன்ன பின்ன ஓடி ஓடி ஃபோகஸ் பிடிக்கறதுக்குள்ள குருவி அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிருக்கும். 200க்கு மேல போனா வானத்துக்கு எதிர்ல இருக்கற கிளையெல்லாம் ஓரத்துல கத்திரிப்பூ கலர்ல கோடு. ஒரு வருஷம் வெச்சிருந்து, வாங்கின விலைல பாதிக்கு வித்தேன்.

அதே பட்ஜெட்ல கேனான்னா 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் (ஐஎஸ்னா ஸ்டெபிலைசர், எஸ்டிஎம்னா சத்தமில்லாத மோட்டார்) பாருங்க, 375 கிராம், ஸ்டெபிலைசர் உண்டு, பழசா வாங்கினாக்கூட மோசம் போகாது, எஸ்டிஎம்னு எழுதியிருக்கறதா மட்டும் பாத்து வாங்குங்க, அதுக்கு முந்தின வெர்ஷன்களும் சந்தைல சுத்துது. நிக்கான்னா ஏஎஃப்-பி 70-300 விஆர் (ஏஎஃப்-பி அவங்க புது மோட்டார் வகை, விஆர்னா ஸ்டெபிலைசர்). இதுல ரெண்டு குழி இருக்கு. ஒன்னு, இதே லென்ஸ் விஆர் இல்லாமயும் வருது, பாக்க அச்சு அசல் ஒரே மாதிரி, பேருல விஆர் இருக்கான்னு எழுத்துக்கூட்டிப் படிங்க. ரெண்டாவது, டி90, டி3100, டி3200, டி5100, டி7000 மாதிரி பழைய பாடிகள்ல ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. கையால சுத்தியும் ஆகாது, ஏன்னா அந்த ரிங்கும் மோட்டார் வழியாத்தான் வேலை செய்யுது. மாட்டிப் பாக்காம காசு குடுக்காதீங்க.

விதிவிலக்கு ஒன்னு உண்டு, சோனி ஃபுல் ஃப்ரேம்ல டாம்ரான் 70-300. அதுல ஸ்டெபிலைசர் இல்லதான், ஆனா ஏ7 ரெண்டாம் தலைமுறைலருந்து பாடிக்குள்ளயே இருக்கு, சமாளிச்சுக்கலாம்.

மூக்கனேரில பறவை எடுக்கணும், 250 போதுமா?

கரைல நிக்கற கொக்குக்குப் போதும். நடுவுல திட்டுல உக்காந்திருக்கற நீர்க்காகத்துக்குப் போதாது, கிராப் பாடில 250ங்கறது 400 மாதிரி தெரியும், ஆனாலும் பறவை எறும்பு சைஸ்தான். 600 வரைக்கும் போகணும்னா சிக்மா 150-600 கன்டெம்ப்ரரி, டாம்ரான் 150-600 ஜி2, ரெண்டும் ரெண்டு கிலோவ ஒட்டி. சிக்மாலயே ஸ்போர்ட்ஸ்னு இன்னொரு 150-600 இருக்கு, அது மூணு கிலோகிட்ட, பேரப் பாத்து ஏமாந்துறாதீங்க. நிக்கான் டிஎஸ்எல்ஆர்காரங்களுக்கு மட்டும் நான் தேர்ட் பார்ட்டி சொல்றதில்ல, நிக்கானோட 200-500 எஃப் 5.6, 2015ல வந்தது, கம்பெனி லென்ஸே நியாயமான விலைல வந்த அதிசயம் அது, 2.3 கிலோ தூக்கத் தெம்பு இருந்தா அதையே எடுங்க. கேனான் ஆர் பாடி வெச்சிருக்கவங்களுக்கு ஆர்எஃப் 100-400, 635 கிராம்தான், 400ல எஃப் 8ங்கறதால மேகமூட்டத்துல திணறும், காலை வெயில்ல அருமையா இருக்கும்.

எங்கிட்ட கேனான் ஆர்50, தேர்ட் பார்ட்டியே கெடைக்காதாமே?

பாதி உண்மை. கேனான் ஆர்எஃப் மவுண்ட் (ஆர் பாடில லென்ஸ் மாட்டற வாய்) 2018ல வந்துச்சு, ரொம்ப வருஷம் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வெளியாளுங்க யாரையும் பண்ண விடல, 2022ல ஒரு சைனா கம்பெனி பண்ணிட்டிருந்ததையும் நிறுத்த வெச்சாங்க. 2024லதான் கிராப் பாடிக்கு மட்டும் சிக்மா, டாம்ரான் ரெண்டு பேருக்கும் கதவத் தொறந்தாங்க, அதனால சிக்மா 18-50 எஃப் 2.8 இப்ப உங்களுக்கு வருது. ஆர்50ல பாடி ஸ்டெபிலைசர் இல்ல, சோனிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

இன்னொரு வழி, கேனானோட ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் ஒன்ன வாங்கிட்டு பழைய ஈஎஃப் (கேனான் டிஎஸ்எல்ஆர்) லென்ஸ்கள மாட்டறது. அடாப்டருக்குள்ள கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் இடைவெளியும் கனெக்‌ஷனும்தான், படத்தோட தரம் குறையாது. டிஎஸ்எல்ஆர விட்டு எல்லாரும் ஓடிட்டிருக்கறதால பழைய லென்ஸெல்லாம் கேக்க ஆளில்லாம கெடக்கு, பட்ஜெட்காரனுக்கு இது நல்ல காலம்.

பாடிய அப்டேட் பண்ணா தேர்ட் பார்ட்டி லென்ஸ் வேலை செய்யாமப் போயிடுமா?

போயிருக்கு, பழைய காலத்துல. பாடியும் லென்ஸும் பேசிக்கற பாஷைய கேனானும் நிக்கானும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, வெளியாளுங்க ஒட்டுக் கேட்டு ஒட்டுக் கேட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. புது பாடி புதுசா ஒரு வார்த்த பேசினா பழைய லென்ஸ் பேந்தப் பேந்த முழிக்கும், ஸ்கிரீன்ல எர்ரர் வரும். ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ் சிலது டிஜிட்டல் கேனான்ல இப்படித்தான் நின்னுச்சு. சோனி மட்டும் 2011லயே ஈ மவுண்ட் விவரத்த வெளியாளுங்களுக்குத் தொறந்துவிட்டது, இன்னைக்கு சோனிக்கு தேர்ட் பார்ட்டி இவ்வளவு குவிஞ்சு கெடக்கறதுக்கு அதுதான் காரணம். ஆனா சோனிலயும் ஒரு லகான் இருக்கு, ஏ9, ஏ1 மாதிரி பெரிய பாடிகள்ல வெளி லென்ஸ் போட்டா நொடிக்கு 15 படத்துக்கு மேல ஓடாது. நம்ம பட்ஜெட்ல அந்த பாடியே வராது, அதனால தூங்குங்க.

இப்ப வர்ற லென்ஸ்கள்ல சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிக்கலாம். சிக்மாவோட டிஎஸ்எல்ஆர் லென்ஸுக்கு தனியா ஒரு யூஎஸ்பி டாக் வாங்கணும், டாம்ரானோட புது மிரர்லெஸ் (உள்ள மிரர் இல்லாத புது ரக கேமரா) லென்ஸ் நிறையதுல லென்ஸ்லயே டைப்-சி ஓட்டை இருக்கு.

நிக்கான் டி3300 வெச்சிருக்கேன், பழைய டாம்ரான் ஒன்னு சல்லிசா வருது?

உங்க பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது சார், டி3000, டி5000 வரிசைல எதுலயும் கிடையாது. லென்ஸுக்குள்ள மோட்டார் இருக்கணும். டாம்ரான் 17-50லயே நிக்கானுக்கு ஆரம்பத்துல வந்தது மோட்டார் இல்லாதது, அப்புறம்தான் மோட்டாரோட வந்துச்சு. மாட்டி ஷட்டர் பட்டனப் பாதி அமுக்குங்க, சத்தமே இல்லாம சும்மா நின்னா வெச்சுட்டு வந்துருங்க.

செகண்ட் ஹேண்ட் எப்படிப் பாத்து வாங்கறது?

உங்க பாடியக் கையோட கொண்டு போங்க, போன்ல டார்ச் இருக்கும், பழைய நியூஸ் பேப்பர் ஒன்னு எடுத்துக்கங்க, வேற ஒன்னும் வேண்டாம்.

டார்ச்ச லென்ஸுக்குப் பின்னாடி சாய்வா அடிச்சு முன்னாடிலருந்து பாருங்க. தூசி ரெண்டு கெடந்தா பரவால்ல, எல்லா லென்ஸ்லயும் இருக்கும். சிலந்தி வலை மாதிரி, நரம்பு நரம்பாத் தெரிஞ்சா அது பூஞ்சை. வெந்நீர் ஆவி படிஞ்ச மாதிரி மொத்தமா மங்கலா இருந்தா அதுவும் வேண்டாம். அப்புறம் பேப்பரச் செவுத்துல ஒட்டி நேரா நின்னு எல்லா ஜூம்லயும் முழுசாத் தொறந்து எடுங்க, நடு நல்லாயிருந்து ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தா உள்ள கண்ணாடி ஒன்னு சாஞ்சிருக்கு, கீழ விழுந்த லென்ஸா இருக்கும். நாலு மூலையும் ஒரே மாதிரி லேசாக் கலங்கினா அது அந்த லென்ஸோட குணம், விட்ருங்க. தேர்ட் பார்ட்டில இந்தச் சோதனை கட்டாயம், ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் வித்தியாசம் கொஞ்சம் கூடவே இருக்கறத நான் பாத்திருக்கேன்.

டிஎஸ்எல்ஆர்னா ஃபோகஸ் முன்ன பின்ன விழுதான்னும் பாக்கணும், பேப்பரச் சாய்வா டேபிள்ல வெச்சு நடு வரில ஃபோகஸ் பண்ணுங்க, ஷார்ப்பா இருக்கறது அந்த வரிதானான்னு பெருசு பண்ணிப் பாருங்க. மிரர்லெஸ்ல இந்தத் தலவலி இல்ல. கடைசியா லென்ஸக் கவுத்துப் பிடிங்க, ஜூம் தானா சர்ருனு எறங்கினா நல்லா ஒழைச்ச லென்ஸ்னு அர்த்தம், அதச் சொல்லி விலையக் கொறைங்க.

தம்பி, வீடு ஏற்காட்லயே இருக்கு, ரெண்டு லென்ஸ் பூஞ்சை பிடிச்சுப்போச்சு. கம்பெனி லென்ஸ்னா பிடிக்காதா?

பூஞ்சைக்கு பிராண்ட் தெரியாதுங்கய்யா. ஈரப்பதம் அறுபது எழுபது சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா எல்லாத்துலயும் வரும், அதுலயும் தோல் பைக்குள்ள, பீரோவுக்குள்ள இருட்டுல வெச்சா இன்னும் சீக்கிரம் வரும். கீழ சேலத்துல எங்க வீட்டு ஷெல்ஃப்ல சும்மா வெச்ச லென்ஸ் வருஷக்கணக்கா நல்லாயிருக்கு, மலைல ஒரு மழைக்காலம் தாங்கறதில்ல.

பட்ஜெட்ல ஜூம் வாங்கறவங்க மேல குடியிருந்தா லென்ஸ் காசுல கொஞ்சத்த எடுத்து ட்ரை கேபினெட் (ஈரத்தக் கொறைச்சு வெக்கற பெட்டி) வாங்கிடுங்க, உள்ள நாப்பதுலருந்து அம்பது சதவீதம் வெச்சா போதும். அதுவும் முடியலன்னா காத்துப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடில சிலிகா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். ஜெல் கலர் மாறினா வாணல்ல லேசா வறுத்துத் திரும்பப் போடலாம், சமைக்கற வாணல் வேண்டாம், தனியா ஒன்னு வெச்சுக்கங்க. பாச்சா உருண்டை, கற்பூரம் போடாதீங்க, அந்த ஆவி கண்ணாடில படியும். அரிசிக்குள்ள பொதைக்கறதும் வேண்டாம், அரிசித் தூசி ஜூம் ரிங்குக்குள்ள போயிடும். எல்லாத்தையும் விட நல்லது, வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து வெளிச்சத்துல பத்துப் படம் எடுங்க.

ஏற்காட்லருந்து இறங்கினதும் லென்ஸ் மூடுபனி மாதிரி ஆயிடுச்சு?

மேல சுமார் 1,500 மீட்டர், சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழ, இருபது கொண்டை ஊசி இறங்கறதுக்குள்ள ஏழெட்டு டிகிரி ஏறிடும். குளுந்த கண்ணாடில கீழ இருக்கற சூடான ஈரக்காத்து பட்டா வேர்க்கும். பைய மூடியே வெச்சிருந்து அரை மணி நேரம் கழிச்சுத் தொறங்க, அடிவாரத்துல டீ குடிக்கற நேரம் போதும்.

ஒரே லென்ஸ், 18-400, எல்லாத்துக்கும்?

டாம்ரான்ல இருக்கு, 2017ல வந்தப்போ அவ்வளவு நீள ஜூம் வேற யார்கிட்டயும் இல்ல. டூர் போறவங்க, குழந்தையக் கைல பிடிச்சுட்டு லென்ஸ் மாத்த முடியாதவங்க தாராளமா வாங்கலாம். மத்தவங்களுக்கு 55-250உம் கிட் லென்ஸும் சேந்தே அதவிடக் கம்மி விலைல அதவிட நல்ல படம் குடுக்கும். 400 பக்கம் கொஞ்சம் சோகையா இருக்கும்.

வாரண்டி, ரீசேல்?

இந்தியா பில், இந்தியா வாரண்டி கார்டு ரெண்டும் இருக்கணும், பில் இல்லாம சில ஆயிரம் கம்மியா வர்றது வெளிநாட்டுலருந்து பையில வந்த சரக்கு, ரிப்பேர்னு போனா இங்க சேத்துக்க மாட்டாங்க. ரீசேல்ல கம்பெனி லென்ஸ்தான் நிக்கும், அதுல சந்தேகமே வேண்டாம். அதனாலதான் தேர்ட் பார்ட்டியப் பழசா வாங்குங்கன்னு சொல்றேன், விலை எறங்கினது முன்னாடி வெச்சிருந்தவர் கணக்குல போயிடும்.

மொத கல்யாண ஆர்டர் வந்திருக்குண்ணா, கைல இருபதாயிரம்தான் இருக்கு?

வாங்காத. வாடகைக்கு எடு. 24-70 ஒன்னு ரெண்டு நாளைக்கு எடுத்து, முந்தின நாளே வாங்கி வீட்ல மாட்டிப் பழகிக்க. சிக்மாவோட டிஎஸ்எல்ஆர் லென்ஸ் ஜூம் ரிங் பெரும்பாலும் கேனான் சுத்தற பக்கமே சுத்தும், டாம்ரான் பெரும்பாலும் நிக்கான் சுத்தற பக்கம் சுத்தும், தாலி கட்டற நேரத்துல எந்தப் பக்கம்னு யோசிச்சுட்டு நிக்கக் கூடாது. ஆர்டர்ல வர்ற காசோட இந்த இருபதையும் சேத்து அப்புறம் வாங்கிக்கலாம்.

எனக்கு எந்த ஜூம் வேணும்னே தெரியலயே, எப்படிக் கண்டுபிடிக்கறது?

கடைசியா எடுத்த ஐநூறு படத்த கம்ப்யூட்டர்ல தொறங்க, ஒவ்வொன்னும் எத்தனை எம்எம்ல எடுத்ததுன்னு அதுலயே எழுதியிருக்கும். பாதிக்கு மேல 55ல முட்டி நின்னா உங்களுக்கு டெலி வேணும். இருட்டுல எடுத்ததெல்லாம் ஐஎஸ்ஓ 6400ல கெடந்தா எஃப் 2.8 வேணும். 18ல முட்டி நின்னா வைடு, அதான் அகலமாப் பிடிக்கற லென்ஸ், வேணும், அதுக்கு கேனான்ல 10-18 எஸ்டிஎம்னு 240 கிராம்ல சின்ன லென்ஸ் ஒன்னு இருக்கு, மெதுவான ஜூம்தான், ஆனா கம்பெனி சரக்கு, விலையும் கையக் கடிக்காது.

நான் இத எண்ணிப் பாத்தப்போ ரெண்டு வருஷமா 150-600க்குக் காசு சேத்துட்டிருந்தேன். எண்ணின ஐநூறுல முந்நூத்தி சொச்சம் 18ல இருந்துச்சு, பறவைன்னு பாத்தா மொத்தம் பதினொன்னு, அதுல நாலு எங்க வீட்டுக் கோழி. 10-18தான் வாங்கினேன். மிச்சக் காசு இன்னும் போஸ்ட் ஆபீஸ்லயே கெடக்கு.